இதயத்தை ஆள்வது யார்?

நெஞ்சு என்னும் ஒரு சொல்லாலேயே நம் முன்னோர் உள்ளத்தையும் மார்பையும் குறித்து வந்தனர். அச்சம் வந்தால் நெஞ்சு படபடக்கிறது. உவகை வந்தால் துள்ளுகிறது. ஆற்றாத துயரில் அடைத்துக்கொள்கிறது. கையை உயர்த்த நினைத்தால் கை உயர்கிறது; கண்ணை மூட நினைத்தால் கண் மூடுகிறது. ஆனால் 'சற்றே நில்' என்று இதயத்துக்குக் கட்டளையிட்டால் அது கேட்பதில்லை. நாம் உறங்கும்போதும் அது உழைக்கிறது. நாம் வேண்டாதபோது விரைகிறது. நம் மார்புக்குள்ளேயே இருந்தும் நம் சொல்லுக்கு அடங்காத இவ்வுறுப்பை ஆள்வது யார்? இவ்வினாவுக்கு விடை காண அறிஞர் பலர் நாடுதோறும் தலைமுறை தலைமுறையாக உழைத்திருக்கின்றனர். அவ்வரலாற்றில் நம் பாரத நாட்டுக்கும், நாம் குடியேறி வாழும் இத்தில்லி மாநகருக்கும் பெருமைக்குரிய பங்கு உண்டு. அதனைச் சங்க அன்பர்களுக்குச் சுருங்க எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்ணவும் அளக்கவும் கற்ற காலம்

நாடி பார்த்தல் நம் நாட்டில் மிகப் பழைய கலை. சித்த மருத்துவர் மூன்று விரல்களை மணிக்கட்டில் வைத்து, வாதம், பித்தம், ஐயம் என்னும் மூன்றின் நடையை உணர்ந்து நோயைக் கணித்தனர். அவர்கள் நோக்கியது நாடியின் தன்மையை. அதனை நிமிடத்துக்கு இத்தனை என்று எண்ணும் வழக்கம், கடிகாரம் செம்மையுற்ற பின்னரே உலகில் வந்தது. இங்கிலாந்து நாட்டு மருத்துவர் ஜான் ஃபிளாயர் என்பார் சரியாக ஒரு நிமிடம் ஓடி நிற்கும் கடிகாரம் ஒன்றைச் செய்வித்து, அதனைக் கொண்டு நாடியை எண்ணும் முறையை 1707-இல் ஒரு நூலாக வெளியிட்டார்.

இதற்கு முன்பே, 1628-இல், வில்லியம் ஹார்வி என்னும் பேரறிஞர் இரத்தம் உடலெங்கும் சுற்றி மீண்டும் இதயத்துக்கே வருகிறது என்பதை நிலைநாட்டியிருந்தார். சுற்றிவரும் இரத்தம் எத்துணை விசையுடன் செல்கிறது என்பதை முதன்முதல் அளந்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ். அவர் மருத்துவர் அல்லர்; ஒரு சிற்றூர்ப் பாதிரியார். பெண் குதிரை ஒன்றின் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதனோடு நீண்ட கண்ணாடிக் குழாயை நிறுத்திவைத்தார். இரத்தம் அக்குழாயில் 8 அடி 3 அங்குல உயரத்துக்கு ஏறி, ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறி இறங்கி நின்றது. 1733-இல் வெளிவந்த அவருடைய நூல் இதனைக் கூறுகிறது. இரத்த அழுத்தம் என்று இன்று நாம் அன்றாடம் பேசும் பொருள் மனிதர் கண்ணுக்குப் புலப்பட்டது அன்றுதான்.

ஆனால் நோயாளியின் தமனியைத் திறந்து அழுத்தம் பார்க்க இயலுமோ? இதற்கு வழி கண்டவர் இத்தாலி நாட்டு மருத்துவர் ரீவா ரோச்சி. 1896-இல் அவர் சைக்கிள் சக்கரத்தின் உட்குழாயைப் போன்ற ரப்பர்ப் பட்டையைக் கையில் சுற்றி, காற்றடித்து, நாடி மறையும் அளவைப் பாதரசக் குழாயில் கண்டார். 1905-இல் ரஷ்ய நாட்டு இளம் மருத்துவர் நிகொலாய் கொரோட்கோவ் அப்பட்டைக்குக் கீழே செவிக்குழலை வைத்துக் கேட்டார். பட்டையை இறுக்கிப் பின் மெல்லத் தளர்த்தும்போது முதலில் ஒலி எழும் இடம் மேல் அளவு; அவ்வொலி மறையும் இடம் கீழ் அளவு என்பது அவர் கண்டது. ஒரு பக்கத்துக்குள் அடங்கும் சிறு குறிப்பாகவே அதனை அவர் வெளியிட்டார். இன்று டாக்டர் '120-க்கு 80' என்று சொல்லும்போது, அவ்விரண்டு எண்களும் அச்சிறு குறிப்பிலிருந்து பிறந்தவையே.

மூக்கணாங்கயிறும் தாற்றுக்கோலும்

அளக்கக் கற்றபின், ஆள்வது யார் என்னும் வினா கூர்மை பெற்றது. உடலிலிருந்து பிரித்தெடுத்த தவளையின் இதயம் சிறிது நேரம் தானாகவே துடிப்பதைப் பலரும் கண்டிருந்தனர். அங்ஙனமாயின் துடிப்பின் ஊற்று இதயத்துக்குள்ளேயே இருத்தல் வேண்டும். கேம்பிரிட்ஜில் வால்ட்டர் காஸ்கெல் ஆமையின் இதயத்தை ஆராய்ந்து, துடிப்பு இதயத் தசையிலேயே தோன்றுகிறது என்று காட்டினார். 1907-இல் கீத், ஃபிளாக் என்னும் இருவர், அத்துடிப்பு பிறக்கும் சிறு முடிச்சை இதயத்தின் வலப்புற மேலறையில் கண்டுபிடித்தனர். ஆக, இதயம் தன் துடிப்புக்குப் பிறரை எதிர்பார்ப்பதில்லை.

எனினும் அது தன்னிச்சையாகத் திரிவதுமில்லை. 1845-இல் ஜெர்மனி நாட்டு வேபர் சகோதரர் இருவர், மூளையினடியிலிருந்து கழுத்து வழியே இறங்கும் வேகஸ் என்னும் நரம்பில் மின்சாரம் செலுத்தினர். இதயம் விரையும் என்றே எவரும் நினைத்திருப்பர், அதுவோ நின்றுவிட்டது! நரம்பு என்றால் தூண்டுவது என்றே எண்ணியிருந்த உலகத்துக்கு, அடக்கும் நரம்பும் உண்டு என்பது பெரும் வியப்பாயிற்று. வேகஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு 'அலைந்து திரிவது' என்று பொருள். நம் காதில் அது 'வேகம்' என்று ஒலித்தாலும், வேகத்தைக் குறைப்பதே அதன் தொழில். இதயத்தை விரைவுபடுத்தும் பரிவு நரம்புகளும் பின்னர் அறியப்பட்டன. நம் விருப்பத்தைக் கேளாமல் இயங்கும் இவ்விரு நரம்புக் கூட்டத்துக்கும் தன்னியக்க மண்டலம் என்னும் பொருள்பட 1898-இல் பெயரிட்டவர் லாங்லி என்னும் கேம்பிரிட்ஜ் அறிஞர்.

நம் ஊர் வண்டிமாட்டை எண்ணிப் பாருங்கள். நடப்பது மாடுதான், வண்டிக்காரர் அல்லர். ஆனால் மூக்கணாங்கயிறு அதனை அடக்குகிறது, தாற்றுக்கோல் விரட்டுகிறது. இதயத்துக்கு வேகஸ் நரம்பு மூக்கணாங்கயிறு. பரிவு நரம்பு தாற்றுக்கோல். அமைதியாக அமர்ந்திருக்கும் நமக்கு நாடி 70 அளவில் இருப்பதற்குக் காரணம், கயிறு எப்போதும் சற்றே இறுக்கப்பட்டிருப்பதுதான். 1967-இல் கேப்டவுன் நகரில் முதன்முதல் மனித இதயம் மாற்றிப் பொருத்தப்பட்டது. நம் நாட்டில் அவ்வரிய செயலை 1994 ஆகஸ்டு 3-ஆம் நாள் இத்தில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் டாக்டர் வேணுகோபால் குழுவினர் செய்து முடித்தனர். இவ்வாறு பொருத்தப்படும் இதயத்தின் நரம்புகள் அறுபட்டிருக்கும். ஆதலின் அது ஓய்விலும் ஏறத்தாழ 90 முதல் 100 வரை துடிக்கும். கயிறு அவிழ்ந்த மாட்டின் இயல்பான நடை அதுவே.

நரம்பு இதயத்தோடு பேசும் மொழி யாது? ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரப் பேராசிரியர் ஆட்டோ லோவி இவ்வினாவைப் பல்லாண்டு சுமந்தவர். ஓரிரவு உறக்கத்தில் அவருக்கு ஒரு சோதனை தோன்றியது. எழுந்து தாளில் கிறுக்கிவைத்து உறங்கினார். காலையில் அவர் எழுத்து அவருக்கே விளங்கவில்லை. மறுநாள் இரவு அதே எண்ணம் மீண்டும் வந்தது. இம்முறை அவர் உறங்கச் செல்லவில்லை. நேரே ஆய்வுக்கூடத்துக்கு விரைந்தார். இரண்டு தவளை இதயங்களை எடுத்து, ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்தார். அவ்விதயத்தில் இருந்த நீரை எடுத்து மற்றொன்றில் விட்டார். நரம்பே தீண்டாத இரண்டாம் இதயமும் மெதுவாயிற்று! நரம்பின் கட்டளை ஒரு வேதிப்பொருளாக இறங்குகிறது என்பது 1921-இல் உலகுக்குத் தெரிந்தது. அப்பொருள் அசெட்டைல்கோலின். 1936-இல் இவருக்கும் ஹென்றி டேலுக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. ஆனால் 1938-இல் நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றியபோது, யூதராகப் பிறந்த குற்றத்துக்காக லோவி சிறையிடப்பட்டார். பரிசுப் பணத்தையும் அவர்களிடம் ஒப்புவித்த பின்னரே நாட்டைவிட்டு வெளியேற முடிந்தது. பரிவு நரம்பு வெளியிடும் பொருள் நாரட்ரினலின் என்பதை 1946-இல் சுவீடன் நாட்டு ஆய்லர் கண்டார்.

காவலரும் செய்தியும்

வண்டிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கயிற்றை இழுப்பதில்லை. பாதையைப் பார்த்து இழுக்கிறார். மூளைக்குப் பாதை எவ்வாறு தெரிகிறது? 1866-இல் லுட்விக் என்னும் ஆசானும் சியோன் என்னும் மாணவரும், முயலின் கழுத்திலுள்ள மெல்லிய நரம்பு ஒன்று மூளைக்குச் செய்தி கொண்டு செல்வதையும், அதனைத் தூண்டினால் அழுத்தம் தணிவதையும் கண்டனர். பின்னர் பெல்ஜியம் நாட்டு ஹேமான்ஸ், கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் அழுத்தத்தை உணரும் காவலர் இருப்பதை ஐயமற விளக்கி, 1938-ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசைப் பெற்றார்.

படுத்திருந்தவர் எழுந்து நிற்கும்போது, அரை லிட்டருக்கு மேற்பட்ட இரத்தம் கால்களிலும் வயிற்றிலும் தேங்க முனைகிறது. கழுத்திலுள்ள காவலர் அழுத்தம் இறங்குவதை உடனே உணர்ந்து மூளைக்கு அறிவிக்கின்றனர். மூளை மூக்கணாங்கயிற்றைத் தளர்த்தித் தாற்றுக்கோலை ஓங்குகிறது, இதயம் விரைகிறது, இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. சில நொடிகளில் எல்லாம் சீராகிறது. முதியோர் சட்டென எழும்போது கண் இருள்வதற்குக் காரணம், இக்காவலர் முதுமையில் சற்றுத் தாமதிப்பதே.

இத்துறையில் நம் நாட்டின் பெயரை உலகறியச் செய்தவர் ஆட்டார் சிங் பெயின்டல். 1925-இல் பர்மாவில் பிறந்து, இலட்சுமணபுரியில் மருத்துவம் பயின்று, எடின்பரோவில் ஆராய்ச்சி செய்தவர் இவர். வேகஸ் நரம்பில் பல்லாயிரம் இழைகள் உண்டு. அவற்றுள் ஒற்றை இழையைப் பிரித்தெடுத்து, அதில் ஓடும் மின்செய்தியைக் கேட்கும் நுண்கலையில் பெயின்டல் வல்லவர். இதயத்தின் மேலறைகளிலும் காவலர் உளர் என்றும், அவருள் ஒரு சாரார் அறை இரத்தத்தால் நிறையும் அளவை அறிவிப்பவர் என்றும் 1953-இல் விளக்கினார். நுரையீரலின் நுண்குழாய்களை ஒட்டியிருக்கும் மற்றொரு வகைக் காவலரை 1955-இல் வெளியிட்டார். அவை 'ஜே' உணர்விகள் என்று இன்று உலக நூல்களில் வழங்குகின்றன. பின்னர் அவர் தில்லிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வல்லபாய் படேல் மார்புநோய் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராகப் பல்லாண்டு பணியாற்றினார். 1981-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர் 2004-இல் மறைந்தார். பல்கலைக்கழகப் பகுதியில் நாம் கடந்து செல்லும் அக்கட்டடத்தை இனி அவர் நினைவோடு நோக்கலாம்.

யோகியரும் கருவிகளும்

மனத்தின் ஆணைக்கு இதயம் அடங்காது என்றால், இதயத்தை நிறுத்திக் காட்டுவதாகக் கூறும் யோகியர் செய்வது என்ன? 1935-இல் பிரெஞ்சு நாட்டுப் பெண் மருத்துவர் தெரேஸ் புரோஸ், இதயத்தின் மின்னலைகளை வரையும் கருவியுடன் இந்தியாவுக்கு வந்து யோகியரைச் சோதித்தார். சில வரைபடங்களில் அலைகள் ஒடுங்கியதைக் கண்டு வியந்தார். இருபது ஆண்டுகளுக்குப் பின் கலிபோர்னியாவின் வெங்கர், மிச்சிகனின் பாக்சி, தில்லி அகில இந்தியக் கழகத்தின் ஆனந்த் ஆகிய மூவர் இதனை மேலும் செம்மையான கருவிகளால் ஆராய்ந்தனர். அவர்களுடைய முடிவு 1961-இல் வெளிவந்தது. யோகியர் மூச்சை அடக்கி, மார்பையும் வயிற்றையும் இறுக்கும்போது, மார்புக்குள் அழுத்தம் மிகுந்து, இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. கையில் நாடி தென்படுவதில்லை. செவிக்குழலில் ஒலியும் கேட்பதில்லை. ஆயினும் மின்வரைபடத்தில் துடிப்பு ஓயவே இல்லை.

இது யோகியரைக் குறைகூறும் முடிவன்று. நேரே ஆணையிட இயலாத இதயத்தை, நமக்கு அடங்கும் தசையின் வழியாகவும் மூச்சின் வழியாகவும் அணுக முடியும் என்பதையே அது காட்டிற்று. உள்ளிழுக்கும் மூச்சில் இதயம் சற்று விரைவதையும், வெளிவிடும் மூச்சில் சற்றுத் தணிவதையும் மேற்சொன்ன லுட்விக் 1847-இலேயே வரைந்து காட்டியிருந்தார். நீண்டு, நிதானமாக மூச்சு விடுபவர் வேகஸ் நரம்பின் கயிற்றைத் தாமே மெல்லப் பிடிக்கிறார் எனலாம்.

ஒரு வேரின் வரலாறு

காவலரும் கயிறும் இருந்தும், பலருக்கு அழுத்தம் ஏறியே நின்றுவிடுகிறது. அங்ஙனம் ஏறியது தீங்கு என்பதையே உலகம் நெடுங்காலம் உணரவில்லை. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்டின் வரலாறு இதற்குச் சான்று. 1944 மார்ச்சில் அவருடைய அழுத்தம் 186-க்கு 108 என்று குறிக்கப்பட்டது. போர் அவரைச் சூழ்ந்திருந்தது. அழுத்தத்தைத் தணிக்க நல்ல மருந்து மருத்துவர் கையில் இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் இரத்தம் கசிந்து அவர் மறைந்தபோது, அளவு 300-க்கு 190. மூன்றாண்டு கழித்து, 1948-இல், ஃபிரேமிங்ஹாம் என்னும் சிறு நகரில் 5,209 பேரை ஆண்டுக்கணக்கில் கவனித்துவரும் ஆய்வை அந்நாடு தொடங்கிற்று. உயர்ந்த அழுத்தம் இதயநோய்க்கு வழிவகுக்கிறது என்பது அதனால் தெளிந்தது.

உலகின் வலிய நாட்டின் தலைவருக்குக் கிட்டாத மருந்தின் வேர், அக்காலத்திலேயே நம் நாட்டுக் கடைகளில் விலைபோய்க்கொண்டிருந்தது என்பதை எண்ணும்போது உள்ளம் சிலிர்க்கிறது. சர்ப்பகந்தி என்னும் அச்செடியின் வேரைப் பித்தம் தலைக்கேறியவர்களுக்கும் உறக்கமற்றவர்களுக்கும் பீகாரிலும் வங்கத்திலும் கொடுத்துவந்தனர். 1931-இல் கல்கத்தாவில் சென், போஸ் என்னும் இரு மருத்துவர்கள் அவ்வேர் இரத்த அழுத்தத்தையும் தணிக்கிறது என்று எழுதினர். அதே காலத்தில் இத்தில்லியில், நம்மவர் பலர் குடியிருந்த கரோல்பாகில் உள்ள திப்பியா கல்லூரியில், சலீமுஸ்ஸமான் சித்திகி என்னும் இரசாயன அறிஞர் அவ்வேரிலிருந்து சில ஆல்கலாய்டுகளைப் பிரித்தார். ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல்கானின் நினைவாக அஜ்மலின் என்று பெயர் சூட்டினார். துடிப்பின் ஒழுங்கு கெட்ட இதயங்களை ஆராய அஜ்மலின் இன்றும் பயன்படுகிறது.

1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல், 50 நோயாளிகளுக்கு அவ்வேரைக் கொடுத்துக் கண்ட பயனை இங்கிலாந்து நாட்டு இதயநோய் இதழில் வெளியிட்டார். அதன்பின்னரே மேல்நாட்டார் கண் திறந்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தில் ரெசர்பின் என்னும் சாரம் பிரிக்கப்பட்டது. பரிவு நரம்பின் முனைகளில் சேமித்துவைத்த நாரட்ரினலினை வற்றச்செய்வதே அதன் வேலை என்று பின்னர் விளங்கிற்று. தாற்றுக்கோலின் முனையை மழுக்குவது போன்றது அது. 1957-இல் வகீலுக்கு அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைத்தது.

அழுத்தத்தைத் தணித்தால் உயிர் காக்கப்படுமா என்பதை ஐயமின்றிக் காட்டிய முதற் பெருஞ்சோதனை 1967-இல் வெளிவந்தது. கீழ் அளவு 115 முதல் 129 வரை இருந்த 143 அமெரிக்க முன்னாள் படைவீரர்களுள் 73 பேர் மருந்து பெற்றனர். 70 பேர் மருந்தில்லா மாத்திரை பெற்றனர். மருந்து பெறாதவருள் 27 பேருக்குக் கடுந்தீங்கு நேர்ந்தது. பெற்றவருள் இருவருக்கே நேர்ந்தது. அங்கே கொடுக்கப்பட்ட மூன்று மருந்துகளுள் ஒன்று ரெசர்பின், அதாவது நம் சர்ப்பகந்தி வேரின் சாரம். இன்று அது பின்னுக்குச் சென்றுவிட்டது. அதனால் சிலருக்கு மனச்சோர்வு வந்ததும் ஒரு காரணம். ஜேம்ஸ் பிளாக் 1960-களில் கண்ட புரோப்ரனலால் போன்ற மருந்துகள் வந்தன. பரிவு நரம்பின் கட்டளை இதயத்தில் இறங்கும் வாயிலையே அடைக்கும் அம்மருந்துக்காகவும் பிற கண்டுபிடிப்புகளுக்காகவும் அவருக்கு 1988-இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

நமக்குரிய கடமை

ஆகவே, இதயத்தை ஆள்வது யார்? துடிப்பு அதனுடையது, வேகம் நரம்புகளுடையது, செய்தி தமனிகளில் அமர்ந்த காவலருடையது. இவற்றுள் எதுவும் நம் கட்டளைக்கு நேரே காத்திருப்பதில்லை. ஆனால் அளந்து பார்க்கும் அறிவு நமக்கு உரியது. ஏறிய அழுத்தம் பெரும்பாலும் வலியின்றி, அறிகுறியின்றி இருப்பது. 'எனக்கு ஒன்றும் இல்லையே' என்று உரைப்பவரிடத்தும் அது ஒளிந்திருக்கும்.

நம் காலனிக் குடும்பங்கள் இதனை மனத்தில் இருத்துதல் நலம். ஊரிலிருந்து மக்கள் வீட்டுக்கு வந்து தங்கும் முதிய பெற்றோர் தில்லிக் குளிருக்குப் பழகியவர் அல்லர். குளிரில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் பலருக்கு அழுத்தம் ஏறும். ஊறுகாயும் அப்பளமும் வற்றலும் சேர்க்கும் உப்பு வேறு. அவர்களுக்கு அவ்வப்போது அழுத்தம் பார்ப்பதும், 'பிரஷர் இறங்கிவிட்டது' என்று டாக்டரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தாமல் காப்பதும் பிள்ளைகளின் கடமை. மருந்தினால் இறங்கிய அளவு மருந்தை நிறுத்தினால் மீண்டும் ஏறும்.

ஹேல்ஸின் கண்ணாடிக் குழாயும், லோவியின் இரவும், வகீலின் ஐம்பது நோயாளிகளும், பெயின்டலின் ஒற்றை நரம்பிழையும் நமக்கு ஈட்டித் தந்த செல்வம் இவ்வறிவு. அதனைப் பயன்கொள்ளாது விடுதல் நன்றாகாது. நம் இல்லங்களில் முதியோர் நீடு வாழவும், இளையோர் இவ்வரலாற்றைப் படித்து இத்துறையில் மேலும் சிறக்கவும் விழைகின்றோம்.